பாத்ரூமுக்காக வீடு தேடியவன்

வீடு வாங்கப் போகிறவர்கள் தண்ணீர் பார்ப்பார்கள், பாதை பார்ப்பார்கள், பத்திரம் பார்ப்பார்கள். நான் பாத்ரூம் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், பாத்ரூமை மட்டும்தான் பார்த்தேன். (மற்றதையெல்லாம் மனைவி சுமதி பார்த்துக்கொள்வாள் என்ற தைரியம்.)

அதற்குக் காரணம் இருக்கிறது. நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரு கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. அத்தனை குடும்பத்துக்கும் சேர்த்து லயத்துக் கோடியில் இரண்டே கக்கூஸ். காலையில் வாளியும் கையுமாக அங்கே வரிசையில் நின்றவனுக்குத்தான் தெரியும், மனிதனுக்கு உண்மையான எதிரி யார் என்று. உள்ளே போய் வெளியே வராமல் இருப்பவன்தான். குளிக்கப் பீலிக்குப் போக வேண்டும். மலையிலிருந்து குழாயில் விழும் அந்தத் தண்ணீர் மார்கழி மாதத்தில் தலையில் பட்டால், படித்த வாய்ப்பாடெல்லாம் மறந்துவிடும்.

அப்படியும் வாய்ப்பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டு கணக்கு வாத்தியாராகி, பதுளை டவுனில் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆனாலும் உள்ளே ஒரே ஒரு ஆசை அணையாமல் கிடந்தது. படுக்கையறையை ஒட்டி ஒரு பாத்ரூம் வேண்டும். பூட்டு வேண்டும், ஷவர் வேண்டும், வெந்நீர் வேண்டும். வெளியே நின்று யாரும் இருமக் கூடாது.

வீடு தேடியது எனக்காக மட்டுமில்லை, அம்மாவுக்காகவும்தான். அப்பா போன பிறகு அம்மா தனியாக அதே காம்பராவில் இருந்தாள். லயத்துக்குப் பின்னாலிருக்கும் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. பெருமழை வந்தால் அதிகாரிகள் வந்து எல்லாரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பார்கள். மழை விட்டதோ இல்லையோ, அம்மா முதல் ஆளாகத் திரும்பிப் போய் அடுப்பை மூட்டிவிடுவாள். இங்கே நானும் சுமதியும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மழைக்கும் செத்துப் பிழைப்போம்.

"எங்களோட வந்துரும்மா" என்று கெஞ்சாத நாள் கிடையாது.

"வாடகை வீட்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன் தம்பி. சொந்தமா ஒண்ணு வாங்கு. எனக்குப் புடிச்சிருந்தா வர்றேன்" என்பாள் அம்மா.

புடிச்சிருந்தா என்ற அந்த ஒரு சொல்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டோவில் அம்மாவை ஏற்றிக்கொண்டு பதுளையைச் சுற்றி வீடு வீடாக அலைந்தோம். ஒரு வீட்டில் காற்று சரியில்லை என்றாள். இன்னொரு வீட்டில் நாய் முறைக்கிறது என்றாள். மூன்றாவது வீட்டில் குறை எதுவும் கிடைக்காமல், "என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். அந்த என்னமோவை எந்தக் கொத்தனாரால் சரிசெய்ய முடியும்?

போகிற வீட்டிலெல்லாம் அம்மா ஒன்று செய்வாள். ஏதாவதொரு அறைக்குள் போய், சுவரை விரல் முட்டியால் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வருவாள். சீமெந்துத் தரம் பார்க்கிறாள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். முடிவுகட்டியதோடு விட்டேனா? வீட்டுக்காரர்களிடம் பெருமையடிக்கவும் தொடங்கினேன்.

"அம்மாவை ஏமாத்த முடியாதுங்க. தட்டிப் பாத்தே கலவையச் சொல்லிடுவாங்க."

ஒரு வீட்டுக்காரர் பயந்துபோய், பின்சுவரில் மட்டும் கொஞ்சம் மணல் அதிகம்தான் என்று தானாகவே ஒப்புக்கொண்டார்.

இப்படியிருக்கும்போதுதான் பசறை வீதிப் பக்கம் அந்த மாடி வீடு வந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பெரியவர், மாத்தயா என்போம். மகனோடு இருக்கக் கொழும்புக்குப் போகிறார்களாம். "அக்கம்பக்கத் தொல்லையே இல்லை. அடுத்த வீடு அந்த வாழைத்தோப்புக்கு அங்கால். சத்தமே கேட்காது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழவில்லை. ஏனென்றால் அதற்குள் மாடியில் நான் அதைப் பார்த்துவிட்டேன். நீல டைல்ஸ், கண்ணாடித் தடுப்புக்குள் ஷவர், பளபளவென்று ஒரு கைப்பிடிப் பூட்டு. அம்மாவை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். "வழுக்கும் போலருக்கு, நான் வரல" என்று வாசலோடு நின்றுவிட்டாள்.

கீழே மாத்தயாவின் மனைவி நோனா தேத்தண்ணியும் கேக்கும் எடுத்து வைத்தார். எட்டு வயது மகள் கவி என் போனைப் பிடுங்கிக்கொண்டு சோபாவில் சரிந்தாள். மாத்தயாவும் சுமதியும் தண்ணீர், பாதை, பத்திரம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மெல்ல நழுவி மாடிக்கு வந்தேன். (அது மூன்றாவது தரிசனம்.) உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். 'க்ளிக்' என்று அது பூட்டிக்கொண்ட சத்தம் இருக்கிறதே, என் வாழ்நாள் முழுவதும் கேட்கக் காத்திருந்த சத்தம் அது. இன்னொரு முறை கேட்கலாம் என்று கைப்பிடியைத் திருப்பினேன். அது கையோடு வந்துவிட்டது. அதன் மறுபாதி கதவுக்கு வெளியே 'டொங்' என்று விழுந்ததும் கேட்டது.

முதலில் பதறவில்லை. சத்தம் போடக் கூச்சமாக இருந்தது. வாங்க வந்த வீட்டை வாங்குவதற்கு முன்பே உடைத்துவிட்டேன் என்று எப்படிக் கத்துவது? "சுமதி... சுமதி..." என்று காதல் வசனம் பேசுகிறவன் மாதிரிக் குழைந்து கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கூரைச் சீட்டில் அது விழுந்த வேகத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கரண்டும் போனது. இருட்டில் எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று துழாவியதில் ஷவர்க் குழாய் அகப்பட்டது. வெந்நீர் என்று நான் கனவு கண்டதெல்லாம் பச்சைத்தண்ணீராகத் தலையில் கொட்டியது.

நனைந்த கோழியாக நின்றபோது, பக்கத்து அறைச் சுவரில் டொக் டொக் என்று இரண்டு தட்டு கேட்டது.

அம்மாதான்! அவளுக்கென்று நான் மனதில் ஒதுக்கியிருந்த அறைக்குள் வந்து வழக்கம்போலச் சுவரைத் தட்டுகிறாள். எனக்கு உயிர் வந்தது. ஓங்கிக் குத்தினால் டைல்ஸ் பெயர்ந்துவிடும் என்ற பயத்தில், நானும் நாகரிகமாக டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டினேன்.

அந்தப் பக்கமிருந்து மறுபடி இரண்டு. நானும் இரண்டு. பிறகு அம்மா விறுவிறுவென்று நடந்து போகும் சத்தம். உதவிக்கு ஆள் கூட்டிவரப் போகிறாள் என்று நிம்மதியாகக் கொமட்டின் மூடிமேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்துகொண்டே இருந்தேன். ஒருவரும் வரவில்லை.

கீழே நடந்ததைச் சுமதி பிறகு சொன்னாள். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்து, "சுமதி, இந்த வீடே போதும்மா. பக்கத்துல ஆளு இருக்கு!" என்றாளாம். ஒரு கேக்கை வேறு எடுத்துக் கடித்துக்கொண்டாளாம். (எந்த வீட்டிலும் அதுவரை அவள் வாயில் எதையும் வைத்ததில்லை.) தம்பிக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவான், எங்கே அவன் என்று கேட்டதற்கு, "எல்லை பாக்கத் தோட்டத்துக்குப் போயிருப்பாரு அத்தை" என்று சுமதி சொல்லியிருக்கிறாள். அந்த மழையில் நான் எந்த எல்லையைப் பார்ப்பேன் என்று அவள் யோசிக்கவே இல்லை. பதினோரு வருடத் தாம்பத்தியம்.

அம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். தனக்குத் தெரிந்த தோட்டத்துச் சிங்களத்தில் நோனாவிடமும் நல்ல செய்தியைச் சொன்னாள். மேலே சுவருக்குள் மனுஷர் இருக்கிறார்கள், தட்டினால் திருப்பித் தட்டுகிறார்கள் என்று.

நோனா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு விளக்குமாறை எடுத்தார். மாத்தயா எழுந்துபோய் அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, எடுத்துக்கொண்டார்.

கதவுக்கு வெளியே காலடி கேட்டு நான் துள்ளி எழுந்தேன். "கவுத?" என்று ஒரு கர்ஜனை. யாரது என்கிறார்.

"நான்தான் சேர்" என்றேன் சிங்களத்தில்.

"நான்தான் என்றால் யார்?"

அந்த நேரத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது, "வீடு வாங்க வந்தவன், சேர்."

கதவின் பூட்டுப் பக்கத்தை அலவாங்கால் நெம்பி உடைத்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் கைப்பிடியோடு நான் வெளிப்பட்டேன். எதிரே அலவாங்கோடு மாத்தயா, விளக்குமாறோடு நோனா, வாயைப் பொத்திக்கொண்டு சுமதி. கவி என் போனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். (அது இன்றும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் வந்துபோகிறது.) முதலில் சிரித்தது நோனா. பிறகு எல்லாரும் சிரித்தோம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பக்கத்து அறையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அப்ப... தட்டுனது நீயா?"

"ஆமாம்மா. நான்தான்."

"நான் ஆளு இருக்குன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

அவள் முகத்திலிருந்த வெளிச்சம் வடிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு நேரம் குளிராத எனக்கு அப்போதுதான் குளிர்ந்தது.

உடைந்த கதவுக்குப் பணம் தருகிறேன் என்றேன். மாத்தயா வேண்டாம் என்று கும்பிட்டு எங்களை வழியனுப்பினார். ஆட்டோவில் நோனா கொடுத்த துவாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு தட்டுனா 'நல்லா இருக்கேன்'னு அர்த்தம்டா. காலையில எந்திரிச்சதும் நான் ரெண்டு தட்டுவேன், அந்தப் பக்கம் பாக்கியம் ரெண்டு தட்டுவா. அப்புறந்தான் அடுப்பு மூட்டுவோம். நிறுத்தாம தட்டுனா ஓடியான்னு அர்த்தம். நீ நிறுத்தாம தட்டியிருந்தா நான் கதவ ஒடச்சிக்கிட்டு வந்திருக்க மாட்டேனா?"

பாக்கியம் சின்னம்மா அடுத்த காம்பராக்காரி. அம்மாவோடு ஒன்றாகக் கொழுந்தெடுத்தவள். நானும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவன்தான். பத்து வயதில் விடுதிக்குப் படிக்கப் போனேன், இரண்டுக்கும் நிறுத்தாததற்கும் வித்தியாசம் தெரியாத கணக்கு வாத்தியாராகத் திரும்பி வந்திருக்கிறேன்.

"உங்கப்பாவுக்கு நெஞ்சு வலிச்சப்ப நான் செவுத்தத்தான தட்டுனேன்" என்றாள் அம்மா. "பாக்கியமும் அவ புருஷனும் ஓடியாந்து தூக்குனாங்க. அவரு ஆசுபத்திரியில போய்ச் சேந்தாரு, அது வேற. ஆனா தட்டுனதும் வந்தாங்கல்ல? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவீங்க, புள்ள பள்ளிக்கூடம் போயிரும். அம்மாம் பெரிய வீட்டுல நான் எந்தச் செவுத்தத் தட்டுவேன்?"

சுமதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. காற்று சரியில்லாத வீடும், நாய் முறைத்த வீடும், என்னமோ மாதிரி இருந்த வீடும் ஏன் பிடிக்காமல் போயின என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தேடலே மாறிவிட்டது. தனி வீடு என்று சொன்னாலே நான் வேண்டாம் என்பேன். அமைதியான இடம் என்றால் ஓட்டம். தரகர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஹாலிஎலப் பக்கம் ஒரு இரட்டை வீடு வந்தது. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கப் பாதியில் சந்திரா நோனா என்ற ஓய்வுபெற்ற தாதி தனியாக இருந்தார். பார்க்கப் போன அன்று அம்மா அந்த நடுச்சுவர் அறைக்குள் போனாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றோம்.

டொக் டொக்.

கொஞ்சம் பொறுத்து, அந்தப் பக்கமிருந்து டொக் டொக்.

அம்மா சந்தோஷப்படவில்லை. சடக்கென்று திரும்பி எங்களை எண்ணினாள். சுமதி இருக்கிறாள், கவி இருக்கிறாள். கண் என்மேல் வந்து நின்றது.

"தம்பி, நீ இங்கதான நிக்கிற?"

"இங்கதாம்மா நிக்கிறேன்."

"நல்லாப் பாத்துக்க" என்றாள், என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு. அதற்குள் கையில் கரண்டியோடு சந்திரா நோனாவே வாசலுக்கு வந்து, ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு நாங்கள் வீட்டின் மற்ற அறைகளைப் பார்த்தோமா என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அம்மாவும் அவரும் வாசலில் நின்று பேசி முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது.

ஐப்பசிக்கு முன் குடிவந்தோம். அம்மா இல்லாத சுவருக்குப் பக்கத்தில் எனக்கென்ன வேலை என்று பாக்கியம் சின்னம்மாவும் மொனராகலைக்கு மகளிடம் போய்விட்டாள். அங்கே வெயில் தாங்கவில்லை என்று தினமும் போனில் புலம்புகிறாள். பேசி முடித்ததும் இரண்டு பேரும் போனை நகத்தால் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் வைக்கிறார்கள்.

சொல்ல மறந்துவிட்டேன். இந்த வீட்டில் பாத்ரூம் பின்முற்றத்தில் தனியாக இருக்கிறது. தகரக் கூரை, பூட்டுக் கிடையாது, ஒரு கொக்கிதான். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். நான் உள்ளே போனால் போதும், கவி வந்து கதவைத் தட்டி "ஆளு இருக்கா?" என்பாள். நான் இரண்டு தட்டு தட்டிப் பதில் சொல்ல வேண்டும். தாமதித்தால் அடுப்படியிலிருந்து சுமதியின் குரல் வரும்: "அலவாங்கு கொண்டாரவாங்க?" வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்கூட இப்போது இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

குடிவந்த வருடம் முதல் பெருமழை கொட்டிய காலையில் நான் அங்கேதான் இருந்தேன். வீட்டுக்குள் அம்மா சுவரைத் தட்டியிருப்பாள், சந்திரா நோனாவும் பதிலுக்குத் தட்டியிருப்பார். தகரச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டது கதவுக்கு வெளியே வந்து நின்ற தட்டுதான். டொக் டொக். போனைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து கிடக்கத் தேவையில்லாத முதல் மழை அது. தலையில் சோப்போடு நானும் இரண்டு தட்டினேன்.

"ம். இந்தத் தடவ கணக்கு சரி" என்றாள் அம்மா. "குளிச்சிட்டு வா, ரொட்டி ஆறிப்போகும்."