மாமனாரின் கொம்பு

உயிரே போனாலும் சவக்குழி தோண்டுவதில்லை என்று எவாரிஸ்தோ சபதம் எடுத்தான்.

ஊர்க்கூட்டம் அந்த வருஷம் அவனைத்தான் குழி தோண்டப் போட்டிருந்தது. கூலி கிடையாது, மறுக்கவும் முடியாது. ஓஹாகா மலையின் குளிர் வேறு கிழடுகட்டைகளை வரிசையாக வாரிக்கொண்டிருந்தது. பிணம் என்றாலே அவனுக்குக் குலை நடுங்கும். பாண்டு செட்டில் வாசிக்கிறவனுக்கு மட்டும்தான் ஊர் வேலையிலிருந்து விலக்கு. பாண்டில் மூன்று வாத்தியங்களுக்கு ஆள் இல்லை.

மனைவி செனைதா சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"டிரம்பெட் எடுக்கட்டுமா?"

"ஒரு சுரம் பிசகினா ஊரே சிரிக்கும்."

"டூபா?"

"சந்தைப் பையையே என் தலையில கட்டுற ஆளு, டூபாவைத் தூக்கிட்டு மலை ஏறுவியாக்கும்!"

"அப்ப எதைத்தான் எடுக்க?"

"எங்கப்பா பாண்டுல ஊதுன கொம்பை எடுத்துக்க. அது சத்தம் மத்த வாத்தியத்துக்கு நடுவுல அமுங்கிக் கிடக்கும். நீ ஊதுறியா, சும்மா கன்னத்தை உப்புறியான்னு ஒரு பய கண்டுபிடிக்க முடியாது."

யோசனை அவனுக்கு இனித்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. பாண்டுக்காரன் செத்தால், குழியருகே மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, அவன் வாத்தியத்தை வாங்கியவன் தனியாக வாசித்து வழியனுப்ப வேண்டும்.

"மாமா படுத்த படுக்கையா இருக்காரேடி?"

"சாதா இருமல்யா. உன்னைத் தூக்கிப் போட்டுட்டுதான் அவர் போவாரு."

கொம்பு வீட்டுக்கு வந்தது. எவாரிஸ்தோ சாவு சாவாகப் போய்க் கன்னத்தை உப்பினான், மெஸ்கால் சாராயத்தைக் குடித்தான். "துடைச்சுக் கொண்டாரேன்" என்று செனைதா தினமும் கொம்பை அப்பா வீட்டுக்கு எடுத்துப் போவாள். அது தங்கமாக மின்னியது. பெண்டாட்டி என்றால் இப்படி அமைய வேண்டும் என்று அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான்.

மழைக்கு முன்பே மாமனார் கண்ணை மூடினார்.

குழியருகே பாண்டு நின்றது. எவாரிஸ்தோ ஊதினான், வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினான், கன்றுக்குட்டி முக்கியது போல் ஒரு சத்தம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

செனைதா கொம்பைப் பிடுங்கினாள். கண்ணீர் வழிய வழிய, ஒரு சுரம் பிசகாமல் பாட்டு முழுவதும் வாசித்தாள். பாண்டு மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார்.

"இனி இது உன் கொம்பும்மா."

"எப்படி... எப்ப கத்துக்கிட்ட?" என்றான் எவாரிஸ்தோ.

"துடைக்கப் போனப்பதான். மூச்சு விட முடியாதப்பவும் அப்பா விரலால சொல்லிக் குடுத்தாரு. 'நீதான் என்னை வாசிச்சு அனுப்பணும்'னு எங்கிட்ட சொன்னாரு. பொம்பளை கேட்டா பாண்டுல கொம்பு குடுப்பாங்களா? அதான் உன்னைக் கேக்க விட்டேன்."

"அப்ப நான்?"

இத்தனை நாள் அவனுக்குப் பதிலாகக் குழி தோண்டியவன் மண்வெட்டியை நீட்டினான். செனைதா அதை வாங்கிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"மண்ணை மெதுவாப் போடுய்யா. அப்பாவுக்கு வலிக்கும்."