மைக் அண்ணன் முழுங்கிய ஒரு வரி

தொம்மலூர் மைக் அண்ணனின் பிரவுசிங் சென்டருக்குள் ரகசியமாகப் போன எந்த விஷயமும் ரகசியமாகத் திரும்பி வந்ததில்லை. அவர் வாயில் விழுந்தால் நம் ரத்த குரூப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும்.

அவருடைய உண்மையான பேர் யாருக்கும் தெரியாது. எந்த விண்ணப்பமானாலும் டைப் அடித்து முடித்ததும் முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பார். கடையில் இருக்கிற அத்தனை பேரும் 'கரெக்ட்' சொன்னால்தான் சப்மிட் பட்டனைத் தொடுவார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவரும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை பழைய இரும்பு வியாபாரி ஒருவரை வாக்காளர் அட்டையில் பெண்ணாகப் பதிந்துவிட்டாராம். அந்த ஆள் மீசையைத் தடவிக்கொண்டே ஆறு மாசம் கடை வாசலில் வந்து நின்றதன் விளைவு இது.

இதில் கஷ்டம் என்னவென்றால், அவர் நிதானமாகத் தமிழிலும் கன்னடத்திலும் படித்து முடிப்பதற்குள் வெப்சைட்டுக்குப் பொறுமை போய், 'நேரம் முடிந்தது' என்று எல்லாவற்றையும் அழித்துவிடும். மறுபடி பேர், மறுபடி முகவரி. நடுவில் கரண்ட் போகும். பிரின்டர் பேப்பரைக் கவ்விக்கொண்டு விடாது. கேட்டால், சும்மாவைக் கன்னடமாக்கி, "சும்னே டென்ஷன் ஆவாத பா" என்பார்.

என்னிடம் சொல்கிற வார்த்தையா அது? வீட்டில் கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற டிரைவர் நான்.

அன்று என் மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அது கிடைத்தால்தான் அவளுக்குக் காலேஜ். அதில் 'தந்தையின் கல்வி' என்று ஒரு கட்டம். நான் ஏழாவதோடு நின்றவன். வீட்டில் சொல்லி வைத்திருந்ததோ பத்தாவது பாஸ், கணக்கில் எண்பத்திரண்டு. அந்த எண்பத்திரண்டை வைத்துத்தான் அவளை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். போட்டோ எடுக்க வேண்டும் என்பதால் அவளும் கூட வந்திருந்தாள்.

அவளைப் பேனா வாங்க அனுப்பிவிட்டு, அண்ணன் காதில் விஷயத்தைப் போட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் வாய்க்குள் படிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மந்திரத்தில் ஒரு வரியை விடச் சொன்னால் பூசாரி எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷத்துல ஒரு வரி முழுங்குனதில்ல பா."

"எனக்காகண்ணா."

முழுங்கினார். மகள் திரும்பி வந்த பிறகுதான் படிக்க ஆரம்பித்தார்; அந்த வரி வந்ததும் இருமினார். இருமலும் உரக்கத்தான். எல்லோரும் குழப்பத்தோடு 'கரெக்ட்' சொன்னார்கள். விண்ணப்பம் போய்விட்டது.

பிரின்ட்டை வாங்கிப் படித்த மகள் கேட்டாள். "அப்பா, நீ எப்போ டாக்டரேட் பண்ண?"

ஏழாவது என்று தேர்ந்தெடுத்த கையோடு அண்ணன் மவுஸ் சக்கரத்தை உருட்டியிருக்கிறார். பக்கம் நகர்வதற்குப் பதிலாக என் படிப்பு நகர்ந்து, பட்டியலின் கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டது. பொய்த் தகவல் என்று தூக்கிப் போட்டுவிட்டால்? ஒரே ஒரு தடவை திருத்தலாம் என்று ஸ்கிரீனில் இருந்தது. அதற்கும் கடை பூராவும் கரெக்ட் சொல்ல வேண்டுமே.

மைக் அண்ணன் இந்த முறை படிக்கவில்லை. "நீயே சொல்லு பா" என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏழாவது" என்றேன்.

முதலில் வந்தது என் மகளின் குரல்.

"கரெக்ட்."

அப்புறம் ஜெராக்ஸுக்கு வந்தவர், பாஸ்போர்ட்டுக்கு வந்த அம்மா, எல்லோரும்.

திரும்பும் வழியில், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "நாலாவதுல எனக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் குடுத்தியே, அன்னிக்கே" என்றாள்.

உதவித்தொகை வந்தது, படித்தாள், இப்போது வேலைக்கும் போகிறாள். எல்லாம் போனிலேயே முடியும்ப்பா என்கிறாள். முடியும்தான். ஆனாலும் போன மாசம் லைசென்ஸ் புதுப்பிக்க மைக் அண்ணன் கடைக்குத்தான் போனேன். இரண்டு தடவை நேரம் முடிந்து எல்லாம் அழிந்தது. மூன்றாவது தடவை என் வயசு, முகவரி, உடம்பில் மச்சம் இருக்கிற இடம்வரை தெருவுக்கே கேட்கும்படி படித்தார். முன்பின் தெரியாத ஒன்பது பேர் 'கரெக்ட்' என்றார்கள்.

அங்கிருந்து நேராக வேலைக்குப் போனேன். வழியில் கேஸை மூடினேனா என்ற ஞாபகமே வரவில்லை.