அத்தையின் நீல டாப்ஸும் என் கைவண்ணமும்

அன்பும் அறிவும் நிறைந்த, ஆனால் மாமன் பேச்சை மட்டும் காதில் வாங்காத என் அக்காள் மகளுக்கு, உன் தாய்மாமன் புதுப் பேனாவில் நிதானமாக உட்கார்ந்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் என் தையல் மிஷினும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நீ வேலை பார்க்கும் துணிக்கடையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அன்றைக்குப் போனில், "மாமா, புண்ணியமாப் போகும், நீங்க இதுல தலையிடாதீங்க, அத்தைக்கு டாப்ஸ் நானே பார்த்து அனுப்புறேன்" என்றாயே, இனி அனுப்ப வேண்டாம். காரியம் முடிந்துவிட்டது. முடித்தது யார் என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான்தான்.

உன் அத்தையின் சங்கடம் உனக்குத் தெரியும். ஒல்லி உடம்பு, மார்பு மட்டும் கொஞ்சம் நிறைவு. கட்டிய புருஷன் சொல்கிறேன், கேட்பவள் துணிக்கடைக்காரி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மார்புக்குப் பார்த்து எடுத்தால் தோள் நழுவுகிறது, இடுப்பில் துணி கூடாரம் போல ஆடுகிறது. இடுப்புக்குப் பார்த்து எடுத்தால் நடுப் பட்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடியே நடக்கிறாள். பார்க்கிறவர்கள் "படிப்பு மேல என்ன ஒரு பாசம்!" என்று மெச்சுகிறார்கள். அது அகராதி, மருமகளே. அகராதி மேல் யாருக்கு அவ்வளவு பாசம் வரும்? இப்போது அவளே நூலகத்துக்குத் தலைமை. புது வாசிப்பு அறையின் திறப்பு விழாவில் மேடையேறிப் பேச வேண்டும். இவளோ, "நான் பேசல. வேற யாராவது பேசட்டும். கையில மைக்க வச்சுக்கிட்டா புத்தகத்த யார் பிடிச்சுக்கிறது?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்தப் பேச்சைக் குளியலறைக்குள் அவள் ஒத்திகை பார்த்ததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவன் நான். சொந்தப் பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படிப் பேசுகிறவள் ஒரு பட்டனுக்குப் பயந்து வீட்டில் உட்காருவதா?

உடனே கடைக்கு அழைத்துப் போனேன். நான் நுழைந்ததுமே கடை முதலாளி எழுந்து நின்றார். (மின்விசிறி போடத்தான் எழுந்தார் என்று உன் அத்தை சொல்வாள், நம்பாதே.) நானே தேர்ந்தெடுத்தேன். முதலில் மார்பு முழுக்கச் சுருக்கம் வைத்தது, மறைக்கும் என்று. போட்டுக்கொண்டு வந்தாள், தலையணையைக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அடுத்து மார்பில் பெரிய பை வைத்தது, அப்புறம் கழுத்துவரை மூடியது, அப்புறம் குறுக்குக் கோடு போட்டது. அந்தக் கோடுகள் இடுப்பில் நேராகக் கிளம்பி மேலே வந்ததும் மலைப்பாதை மாதிரி வளைந்தன. உடை மாற்றும் அறைக்கு வெளியே நின்று ஒவ்வொன்றுக்கும் நான் குரல் கொடுத்தேன், "பட்டன் இழுக்குதா? அங்க பிடிக்குதா, இங்க தொங்குதா?" உள்ளிருந்து உன் அத்தை, "ஏங்க, கடைசி வரிசைக்குக் கேக்கலியாம், மைக் வாங்கித் தரட்டா?" என்றாள். விற்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "சார், நீங்க கொஞ்சம் குழந்தைங்க பிரிவுல உட்காருங்களேன்" என்றாள். மரியாதை தெரிந்த பெண், நல்ல நாற்காலி அங்கேதான் இருந்தது.

வெறுங்கையோடு திரும்பினோம். அன்றே முடிவு செய்தேன், நானே தைப்பது என்று. சிரிக்காதே. சோபாவுக்கு உறை தைத்துப் பேர் வாங்கியவன் உன் மாமன். நான் உறை போட்ட சோபாவைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய மனிதர், கசங்கிவிடுமே என்று உட்காராமல் நின்றபடியே பேசிவிட்டுப் போனார். அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு டாப்ஸ் எம்மாத்திரம்? உன்னிடம் போனில் சொன்னேனே, அந்தக் கருநீலத் துணி, அதைத்தான் விரித்தேன். எங்கள் தொழிலில் ஒரே சட்டம்: எங்கே அகலம் அதிகமோ அங்கே அளவெடு, அங்கிருந்து நேராகக் கீழே வெட்டு. அப்படியே வெட்டினேன். சதுரக் கழுத்து, ஓரமெல்லாம் உள்ளே கயிறு வைத்துத் தைத்த தடித்த பைப்பிங், முதுகில் உறுதியான ஜிப். உன் அத்தை போட்டுப் பார்த்தாள். திரும்பினாள். டாப்ஸ் திரும்பவில்லை, அவள் மட்டும் உள்ளே திரும்பினாள். "எப்படி?" என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துவிட்டு, "உங்க கை பட்டா வீணாப் போகுமா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த உருக்கத்தை எழுத இந்தப் பேனாவுக்குத் தெம்பில்லை.

விழா அன்று நான் பட்டறையிலிருந்து நேராகப் போனதால் கடைசி வரிசைதான் கிடைத்தது, மூக்குக்கண்ணாடியையும் வீட்டிலேயே மறந்துவிட்டேன். கருநீல டாப்ஸில் உன் அத்தை மேடையேறினாள், அகராதியோடு. மைக் முன்னால் ஒரு நொடி நின்றாள். பிறகு அகராதியை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு, தோளை நிமிர்த்தி, இரண்டு கையையும் வீசிப் பேசினாள் பார்! கைதட்டல் அடங்கவே இல்லை. நான் வெட்டிய சதுரக் கழுத்து தூரத்திலிருந்து பார்க்க முக்கோணமாக, கழுத்தை நீளமாக்கி அத்தனை எடுப்பாகத் தெரிந்தது. என் வெட்டுக்கு அப்படியொரு ராசி. இடுப்பில் நான் பிடித்துத் தைக்கவே இல்லை, ஆனாலும் துணி தானாகவே உள்ளே அடங்கி நின்றது. நல்ல கை தைத்தால் துணிக்கே புத்தி வந்துவிடுகிறது. பைப்பிங்கைக் கூடக் காணவில்லை, அவ்வளவு நேர்த்தி. பக்கத்து இருக்கைக்காரரிடம், "நான் தைச்சது" என்றேன். "பேச்சையா?" என்றார். "எல்லாத்தையும்தான்" என்றேன்.

ஆகவே மருமகளே, உன் கடைக்கு வருகிற ஒல்லிப் பெண்கள் இதே குறையைச் சொன்னால் கவலைப்படாதே, என் விலாசத்தைக் கொடு. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். உன் வீட்டில் சிரிப்பும், கடையில் கூட்டமும், கத்தரியில் கூர்மையும் என்றும் குறையாமல் நீ நீடூழி வாழ உன் மாமனின் ஆசிகள்.

பி.கு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிப் பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே என் சாய்வு நாற்காலியின் முதுகு மெத்தைக்குக் கருநீல உறை போட்டிருக்கிறது. சதுரக் கழுத்து வழியாக மெத்தை தலை நீட்டுகிறது, பைப்பிங் பளிச்சென்று தெரிகிறது, ஜிப் அருமையாக ஏறியிருக்கிறது. குப்பைக்கூடையில் உன் கடைப் பெயர் போட்ட பை. கொல்லைக் கொடியில் காய்கிற டாப்ஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். முக்கோணக் கழுத்து, மார்புக்கு இடம் விட்டு, இடுப்பில் பிடித்து, தோளில் அளவாக. நான் சொன்ன நிறத்திலேயே தேடிப் பிடித்திருக்கிறாய், கெட்டிக்காரி. எனக்குத் தெரிந்துவிட்டது என்று உன் அத்தையிடம் மூச்சு விடாதே. பாவம், என் மனம் நோகக் கூடாதென்று இத்தனை பாடுபட்டிருக்கிறாள். அடுத்த மாதம் மறுபடி பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். மெரூன் நிறத்தில் இதே மாதிரி ஒன்று அவளுக்கு அனுப்பிவிடு. நான் இன்றே மெரூன் துணி வாங்கித் தைக்க ஆரம்பிக்கிறேன். உட்காரும் மெத்தைக்கு இன்னும் உறை இல்லை.