எங்கள் ரப்பிக்கு நான் வைத்த விருந்து

புலவாயோ,
டிசம்பர் கடைசி

அன்பு மைத்துனன் ஸல்மனுக்கு,

ஆண்டவன் அருளால் நீயும் உன் மனைவி மக்களும் பெர்த்தில் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத மனம் வரவில்லை. "அங்க தனியா கெடந்து என்ன பண்றீங்க அத்தான், இங்க வந்துடுங்க" என்று வருடா வருடம் கூப்பிடுகிறாயே, விசாவுக்கு எழுதிப் போடு. வருகிறேன். இந்த ஊரில் இனி எனக்கு முகம் இல்லை.

நம் யூத சபைக்குக் குருவாக இருக்கும் ரப்பி நாஹும் ஸில்பெர்க்கை நீ மறந்திருக்க மாட்டாய். ஜெபக்கூடத்தில் நிற்க இடமில்லாத காலத்தில் வந்த மனிதர். ஜோஹன்னஸ்பர்க், லண்டன், உன் பெர்த் என்று எல்லோரும் மூட்டை கட்டியபோதும் அவர் அசையவில்லை. கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டுமல்லவா, விடிகாலையில் ஒன்பது பேரை உட்கார வைத்துவிட்டு வாசல் கேட்டில் போய் நிற்பார். "வருவான்யா, ஆண்டவன் அனுப்புவான்" என்பார். ஆண்டவன் தாமதம் செய்தால் தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய் யாரையாவது எழுப்பிக் கூட்டி வருவார். உன் அக்கா ரைசல் இறந்தபின், அவளுக்காக நான் ஜெபம் சொன்ன அந்த வருடம் முழுக்க ஒரு நாளும் ஆள் குறையவில்லை. பல் டாக்டர் இசிடோர் பாதி நாள் இரவு உடுப்போடுதான் வந்து நின்றான்.

இப்போது மிஞ்சியிருக்கும் ஆண்களே பத்துப் பேர். ரப்பிக்குக் கால் விழுந்துவிட்டது, கேட்டில் நிற்க ஆளில்லை, பத்துப் பேரும் ஒன்றாகக் கூடி மாதக்கணக்காகிறது. இருக்கும்போதே அவரைக் கௌரவிப்போம் என்று சபைச் செயலாளனான நான்தான் ஆரம்பித்தேன். யார் என்னைக் கேட்டது? சமையலறையில் தொங்கும் டயர் கடைக் காலண்டரைப் பார்த்து, அரசு விடுமுறையாகத் தேர்ந்தெடுத்து, மதிய விருந்து என்று அழைப்பு அடித்தேன். நம் முறைப்படி அறுத்த கோழியை ஐஸ் பெட்டியில் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரவழைத்தேன். பரிசாக, பட்டனை அமுக்கினால் படுக்கையாகிவிடும் மின்சார நாற்காலி ஒன்றும் வந்தது.

அன்றைக்குப் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள், பெண்களும் வந்தார்கள். ரப்பியை நாற்காலியில் உட்கார்த்தி பட்டனை அமுக்கினேன். அவர் அழகாகச் சாய்ந்து மல்லாந்து படுத்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. நிமிர்த்த முடியவில்லை. சரி, சாப்பாட்டையாவது போடுவோம் என்று கோழி மூடியைத் திறந்தேன். வாசனை கூடமெல்லாம் பரவியது. படுத்தபடியே ரப்பி மெல்லச் சொன்னார்: "பெரெட்ஸ், அதை மூடி வைப்பா. இன்னைக்கு நம்ம கணக்குல தெவேத் மாசம் பத்து. உபவாசம்."

எனக்கு உயிரே போய்விட்டது. எருசலேம் முற்றுகையிடப்பட்ட நாளில் நான் விருந்து வைத்திருக்கிறேன், ஸல்மன்! தேதிக்குத் தலையாட்டிய அதே இசிடோர், "முற்றுகை நாள்ல கோழி வறுத்த ஒரே செயலாளர் நம்மாளுதான்" என்றான். காலையில் முட்டை தின்றுவிட்டு வந்தவர்களெல்லாம் திடீரென்று பரம பக்தர்களாகி என்னை முறைத்தார்கள். பெட்ரோல் கிடைக்காத ஊரில் வீட்டுக்குப் போய்த் திரும்ப வழியில்லை. ஆகவே நட்சத்திரம் தெரிந்து உபவாசம் முடியும் வரை அத்தனை பேரும் மூடிய கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாராட்டுரைகள் மட்டும் நடந்தன. மல்லாந்து கண்மூடிக் கிடப்பவரைச் சுற்றி நின்று ஒவ்வொருவராகப் புகழப் புகழ, அது இழவு வீடாகவே ஆகிவிட்டது. எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

மாலை ஜெபத்துக்கு நாலு பேராகத் தூக்கி அவரை நிறுத்தினோம். இறந்த நாள் தெரியாதவர்களுக்காக அன்றைக்கு ஜெபம் சொல்வது வழக்கந்தானே, அதற்கு என்னைக் கூப்பிட்டு, "நீ சொல்லு பெரெட்ஸ்" என்றார். செய்த பாவத்துக்குத் தண்டனை போலிருக்கிறது என்று பசியோடும் எரிச்சலோடும் சொல்லி முடித்தேன். அதற்குள் இந்த ஊர் டிசம்பர் வெக்கையில் கோழி கெட்டுவிட்டது. ரொட்டியும் வெள்ளரிக்காயும் தின்றுவிட்டு எல்லோரும் போனார்கள்.

இன்னொரு குறை, உன்னிடம்தான் சொல்ல முடியும். நம் மாதக் கணக்கில் உன் அக்காவின் நினைவு நாள் எப்போது வருகிறதென்று எனக்கு என்றைக்குமே பார்க்கத் தெரியாது, ரப்பிதான் வருடந்தோறும் முன்கூட்டியே வந்து சொல்வார். இந்த வருடம் சொல்லவில்லை. கால் போனதோடு ஞாபகமும் போய்விட்டது. அவரே ரைசலை மறந்தபின் எனக்கு இங்கே என்ன இருக்கிறது?

உன் வீட்டில் சமாதானம் தங்கட்டும், பிள்ளைகளின் பிள்ளைகளையும் நீ கண்ணால் காண வேண்டும்.

உன் அத்தான்,
பெரெட்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரப்பியின் மனைவி கிட்டெல் அம்மா தன் தட்டுகளை வாங்கிப் போக வந்தார். தேதியைத் தப்பாக வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அழைப்பைப் பாத்த அன்னிக்கே அவருக்குத் தெரியும்ப்பா. சொல்லிடுங்களேன்னு நானும் அடிச்சுக்கிட்டேன். 'தெவேத் பத்து ரைசலோட நாளு. ஜெபம்னு கூப்பிட்டா ஆறு பேர் வருவான், கோழின்னு கூப்பிட்டா அத்தனை பேரும் வருவான். பெரெட்ஸ் அவளுக்கு ஜெபம் சொல்லணும், நீ பேசாம இரு'ன்னுட்டாரு."

விசாவுக்கு எழுதாதே. நான் கிளம்பினால் இங்கே ஒன்பது பேர். கடிதத்தை இதோடு முடிக்கிறேன், விடிகாலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும்.