வயது வரிசைப்படி ஓர் அலறல்

அன்று மதியக் காட்சிக்குப் போனவர்கள் ஐந்து பேர். ஓய்வு பெற்ற நில அளவையாளரான பெரியவர், அவர் மனைவி, மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் தம்பி, தம்பியின் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெரியவரின் மருமகள். பெரியவரின் மகன் வேலை இருக்கிறது என்று வரவில்லை. தாங்களும் கூட இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்ட உறவினர்கள் யாரும் அங்கே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஐந்து பேரும் தியேட்டரின் உள்வழியில் நின்றுகொண்டிருந்தார்கள். படம் தொடங்கிவிட்டிருந்தது. தாமதத்துக்குக் காரணம் வரிசை. அந்தக் குடும்பத்தில் எதையும் வயது வரிசைப்படிதான் செய்வார்கள். வண்டியில் ஏறுவது, கை கழுவுவது, புகைப்படத்துக்கு நிற்பது எல்லாமே மூத்தவர் முதலாக. அன்று காரில் ஏறிய பிறகு தம்பி மனைவி மூக்குக்கண்ணாடியை மறந்தது தெரிந்தது. அவள் இறங்க வேண்டுமென்றால் பெரியவர் முதலில் இறங்க வேண்டும். இறங்கினார். எல்லோரும் இறங்கினார்கள். கண்ணாடி வந்த பிறகு எல்லோரும் முறைப்படி மறுபடி ஏறினார்கள்.

உள்வழியின் முடிவில் இரண்டு கதவுகள் இருந்தன. கையில் டார்ச் விளக்கோடு நின்ற பெண், டிக்கெட்டைக் காட்டச் சொன்னாள்.

"எந்தக் கதவுன்னு பார்த்துச் சொல்றேன் சார்."

"ஊரையே அளந்து கல் நட்டவன்மா நான்," என்றார் பெரியவர். "ஒரு கதவுக்கு வழி கேட்டா நல்லா இருக்குமா?"

அவர் வலது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மற்ற நான்கு பேரும் பின்னால் போனார்கள். அந்தக் குடும்பத்தில் பெரியவர் தள்ளிய கதவை யாரும் கேள்வி கேட்டதில்லை.

அவர்கள் பார்க்க வந்தது பெரியவரின் தங்கை மகன் எடுத்த பேய்ப் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகம் வந்தபோது அவன் ஒரு பேட்டியில், "சின்ன வயசுல எங்க மாமாவைப் பார்த்துத்தான் பயம்னா என்னன்னு கத்துக்கிட்டேன்" என்று சொல்லியிருந்தான். அவன் பெருமையாகத்தான் சொன்னான். பெரியவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒருவரும் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. இவர்கள் பார்க்காமலேயே படம் நன்றாக ஓடியது. அது அவருக்கு இன்னொரு வருத்தம்.

போன வாரம் தங்கை வந்து கண்ணைக் கசக்கினாள். இரண்டாம் பாகத்துக்குப் பணம் போட்டவர் ஒரு டைல்ஸ் வியாபாரி. செலவுக்கு ரொம்பவே கை இறுக்கிவிட்டாராம். முதல் நாள் மதியக் காட்சியில் அவரே ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். ஜனங்கள் பயந்தால் மூன்றாம் பாகம். சிரித்தால் அத்தோடு சரி, பையன் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

"வேற வேலைன்னா எங்கண்ணே போவான்? சின்னண்ணன் கடையில நின்னு மாத்திரைதான் எடுத்துக் குடுக்கணும்," என்றாள் தங்கை.

மருந்துக்கடைக்காரருக்கு முகம் வெளுத்தது. அவனைச் சிறு வயதில் கடையைப் பார்த்துக்கொள்ள விட்ட ஒரு நாளை அவர் இன்னும் மறக்கவில்லை.

"நம்ம வீட்டுப் பிள்ளை எடுத்த படத்தைப் பார்த்து ஒருத்தன் சிரிக்கட்டும், பார்க்கறேன்," என்றார் பெரியவர். அவர் வருவதாக ஒப்புக்கொண்டது அப்படித்தான்.

உள்ளே பாதி இருக்கைகள் காலி. பெரியவர் இடது கோடியில் சுவரோரமாக, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லையில் நின்றால்தான் முழு இடமும் கண்ணில் படும் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்தது. எல்லோரும் போனை அணைக்க வேண்டும் என்றார். அணைத்தார்கள். தங்கையும் அவள் மகனும் முன்னாலேயே வந்து எங்கேயாவது இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று தேடவில்லை.

திரையில் ஒரு பெண் நீளமான நடையில் மெழுகுவர்த்தியோடு போய்க்கொண்டிருந்தாள். நடை முடிந்ததும் திரும்பினாள். மறுபடி அதே நடை, அதே படம் மாட்டிய அதே சுவர்.

"அந்த வீட்ல வேற இடமே இல்லையா?" என்று மருமகள் கேட்டாள்.

"வாடகைக்கு அவ்வளவுதான் விட்டிருப்பாங்க," என்றாள் தம்பி மனைவி.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பேய் வந்தது. வந்த வேகத்தில் அதன் முடி கதவின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. பேய் இரண்டு அடி நடந்தது, முடி நடக்கவில்லை. பேய் திரும்பிப் போய் முடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து பயமுறுத்தத் தொடங்கியது. அந்தக் காட்சியை இன்னொரு தடவை எடுக்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

தியேட்டர் சிரித்தது.

பெரியவர் எழுந்து நின்று திரும்பி, சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். புரொஜக்டரின் வெளிச்சம் எதிரிலிருந்து விழுந்ததில் அவர் நிழல் பேயின் மேல் ஏறி நின்றது. சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

"உக்காருங்க. மானம் போகுது," என்றார் அவர் மனைவி.

"போறதை நிறுத்தத்தான் நிக்கறேன்."

அவர் உட்கார்ந்ததும் மருந்துக்கடைக்காரர் வலது கோடியைக் காட்டினார். அங்கே ஒரு பருத்த மனிதர் தனியாக உட்கார்ந்து, மடியில் பாப்கார்ன் வாளியை வைத்துக்கொண்டு, சிரிக்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவர்தான் டைல்ஸ்காரர். பணம் போட்டவன் மூஞ்சி அப்படித்தான் இருக்கும்."

பெரியவருக்கும் அது சரியென்று பட்டது. அப்புறம் அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஜனங்களுக்குப் பயப்படத் தெரியவில்லை. யாராவது தொடங்கி வைக்க வேண்டும். அடுத்த தடவை பேய் வரும்போது குடும்பமே அலற வேண்டும்.

மனைவி அவர் பக்கம் திரும்பினார். "கல்யாணமான நாள்லேர்ந்து உங்க முன்னாடி குரலை உசத்தினதில்ல. இப்ப ஊருக்கு முன்னாடி அலறணுமா?"

"நம்ம பிள்ளைக்காக."

"அப்ப வீட்டுக்குப் போயும் அலறுவேன். அப்புறம் கேக்கக் கூடாது."

"சரி" என்று அவர் சொன்னதைப் பின்னாளில் அவருக்கு நிறைய தடவை நினைவுபடுத்தியிருக்கிறார்கள்.

பேய் வந்தது. குடும்பம் அலறியது. ஆனால் பழக்கம் விடுமா? முதலில் பெரியவர் அலறினார். அது எல்லைக்கல்லை நகர்த்துகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்தவரின் அதட்டல் போல இருந்தது. அவர் முடிக்கும் வரை காத்திருந்து மனைவி அலறினார். அவர் மூச்சு வாங்கியதும் தம்பி. பிறகு தம்பி மனைவி. கடைசியில் மருமகள். அவள் முறை வந்தபோது பேய் போய்விட்டிருந்தது. திரையில் கதாநாயகன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவள் வீரிட்ட வீரிடலில் அவனே ரொட்டியைக் கீழே போட்டது போல இருந்தது.

ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவன், "ரொட்டியைப் பார்த்து ஏன்மா பயப்படறே?" என்றான்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு," என்று மருமகள் திருப்பிக் கொடுத்தாள்.

எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் அலறினால் என்ன என்று தம்பி மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. குடும்பம் என்றால் குடும்பம், கூட்டம் என்றால் கூட்டம். இரண்டும் ஒன்றல்ல.

அதன் பிறகு ஒவ்வொரு தடவை பேய் தலை காட்டும்போதும் மூத்தவர் முதலாக ஐந்து அலறல் எழுந்தது. இளையவரின் அலறல் எப்போதும் அடுத்த காட்சியில் போய் விழுந்தது. காதல் பாட்டில் விழுந்தது. டாக்டர் நாடி பார்க்கும் இடத்தில் விழுந்தது. பேய் இதற்குள் கையில் கடிகாரத்தோடு ஒரு தடவை வந்து, கழற்றிவிட்டு இன்னொரு தடவை வந்துவிட்டது.

இடைவேளையில் யாரும் வெளியே போகக் கூடாது என்றார் பெரியவர். வெளியே போனால் படம் எப்படி என்று யாராவது கேட்பார்கள். இந்தக் குடும்பத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எனவே காபிக்கு ஆசைப்பட்ட மருமகள் உட்பட ஐந்து பேரும் வெற்றுத் திரையை மரியாதையோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தங்கச்சி ஏதோ கிணறுன்னு சொன்னாளே. கிணத்துக்குள்ளேர்ந்து பேய் ஏறி வர்ற இடம் மயிர்க்கூச்செறியும்னாளே. கிணத்தையே காணோமே?" என்றார் மனைவி.

"தண்ணிக்கு ஆகற செலவை மிச்சம் பிடிச்சிருப்பாரு," என்றார் மருந்துக்கடைக்காரர், வலது கோடியைக் கசப்போடு பார்த்து.

இடைவேளைக்குப் பிறகு நிலைமை மோசமாயிற்று. ஜனங்கள் இப்போது பேயைப் பார்க்கவில்லை, இவர்களைப் பார்த்தார்கள். பேய் வந்ததும் எல்லாத் தலையும் இடது பக்கம் திரும்பியது. பின் வரிசைக்காரன், "அடுத்தது யாரு? சின்னவரா?" என்று கேட்டான். பருத்த மனிதர் இன்னும் சிரிக்கவில்லை. ஆனால் பயப்படவும் இல்லை.

"அந்த ஆளுக்கு ஒரு பயம் காட்டணும். அவர் ஒருத்தர் அலறினா போதும்," என்றார் பெரியவர்.

மருந்துக்கடைக்காரருக்கு வேலை கொடுக்கப்பட்டது. மாத்திரை அட்டைகளைத் தலைகீழாக அடுக்கும் தங்கை மகன் கண்முன் வந்ததால் அவர் மறுக்கவில்லை. முழங்காலிட்டு வரிசைகளுக்கு நடுவே தவழ்ந்து போனார். பருத்த மனிதரின் இருக்கைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, திரையில் பேயின் கை நீண்ட அதே நேரத்தில், அவர் கணுக்காலைப் பிடித்தார்.

அந்த மனிதர் அலறினார். அது உண்மையான அலறல். ஐந்து பேர் அலறியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பாப்கார்ன் வாளி கூரை வரை போய் வந்தது. அவர் இரண்டு வரிசைகளைத் தாண்டிக் குதித்து வெளியே ஓடியே போய்விட்டார். தாண்டும்போது அவருடைய செருப்பு ஒன்று மருந்துக்கடைக்காரர் கையில் தங்கிவிட்டது.

தம்பி செருப்போடு தவழ்ந்து திரும்பி வந்தார். "அண்ணே, பயந்துட்டாரு. ஆனா படத்தைப் பார்த்து இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. குனிஞ்சு என் மூஞ்சியப் பார்த்துட்டாரு."

காப்பாற்ற வந்த பையனின் பிழைப்பில் தாங்களே மண் அள்ளிப் போட்டுவிட்டது ஐந்து பேருக்கும் விளங்கியது. பெரியவரின் மனதில் ஒரு பழைய காட்சி வந்தது: அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மாமா கோபித்துக்கொள்வாரோ என்று மூச்சு விடாமல் நிற்கும் சிறுவன். அவன் சங்கிலியை ஒருநாளும் தளர விட்டதில்லை. அதை அவர் அவனிடம் சொன்னதும் இல்லை.

படம் முடிகிற இடம் வந்தது. பேய் தன் கதையைச் சொல்லிவிட்டு, செய்த தொந்தரவுக்கு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. தியேட்டரில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

பெரியவர் எழுந்தார். இந்தத் தடவை அதட்டல் இல்லை. அடிவயிற்றிலிருந்து அலறினார். அவர் முடித்ததும் மனைவி, தம்பி, தம்பி மனைவி, மருமகள். முடிந்ததும் அவர் மறுபடி தொடங்கினார். கைத்தடியால் பக்கத்துச் சுவரில் ஓங்கி ஓங்கித் தட்டினார். அது வெறும் பலகைச் சுவர். இடி போல அதிர்ந்தது. விளக்கு எரிந்து ஜனங்கள் கைதட்டிவிட்டுக் கலையும் வரை அவர் நிறுத்தவில்லை.

வெளிக்கூடத்துக்கு ஐந்து பேரும் வரிசையாக வந்தார்கள். குரல் ஒருவருக்கும் இல்லை. பெரியவர் தங்கை மகனிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவர் அல்ல. சொற்கள் புதிதாக இருந்தன.

அவன் எதிரே ஓடி வந்தான். பின்னால் அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கூடவே ஒல்லியாக ஒரு மனிதர்.

"மாமா, மூணாம் பாகம் கிடைச்சிடுச்சு. இவர்தான் சார், டைல்ஸ்."

பெரியவர் அந்த ஒல்லி மனிதரைப் பார்த்தார். தம்பி கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். தம்பி அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

ஒல்லி மனிதருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மெல்லிய குரலில் சொன்னார்: முதல் கால் மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாராம். கிணற்றடிக்கு அந்தப் பெண் சும்மா நடந்து போகிறாள், ஒன்றுமே நடக்கவில்லை. அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு ஆள் அலறியிருக்கிறான். பிறகு ஒரு பெண். பிறகு இன்னும் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக. எப்போது வரும் என்று தெரியாததால் தியேட்டரே இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். கடைசியில் சுவரே இடிந்து விழுவது போல அதிர்ந்தபோது அவர் பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் ஏறிவிட்டாராம்.

தங்கை மகன் பெரியவர் காதோரம் குனிந்தான். "மாமா, சத்தியமா அந்தச் சத்தத்தை நான் வைக்கல. நான் வச்சது வெறும் தவளைச் சத்தம்தான். இங்க எல்லாரும் உள்ளே அந்தச் சுவர்ல ஏதோ இருக்குன்னு பேசிக்கறாங்க. தியேட்டர் கட்டறப்போ ஒரு குடும்பமே உள்ளே சிக்கிச் செத்துச்சாம். அஞ்சு பேராம்."

பெரியவர் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

"நாங்க அந்தச் சுவரோரம்தானே உக்காந்திருந்தோம். எங்களுக்கு எதுவும் கேக்கலையே," என்றார்.

உள்ளே கொட்டிய பாப்கார்னைப் பெருக்கி எடுத்துக்கொண்டு வந்த டார்ச் விளக்குப் பெண் நிமிர்ந்தாள்.

"யாரும் சிக்கிச் சாகல. பக்கத்து ஹால்ல வேற எவனோ எடுத்த படத்தைப் பார்த்துட்டு, இந்தப் பெரியவர் வீட்டு ஆளுங்கதான் வரிசையா கத்தினாங்க."