பத்தொன்பதிலிருந்து இறங்குமுகம்

தைப்பூசத்தன்று ஒரு பெரிய முடிவெடுத்தேன். என் மனைவியை என்னோடு பேசவைத்தே தீர்வது.

சிங்கப்பூரில் நான் மூன்று வருஷம் படித்தபோது வள்ளிநாயகி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதுவாள். விடுதியில் அதைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குவேன். இப்போது மலாயாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அந்த எட்டுப் பக்கத்துக்காக ஏங்குகிறேன்.

எஸ்டேட் கேட்டில் மட்டும் நன்றாகப் பேசுவாள். அவசரகாலம், எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, பால் வெட்டப் போகும் பெண்களைத் தினமும் சோதனை போடுவது அவள் வேலை. ஒவ்வொருத்தியின் வீட்டுக் கதையையும் கேட்டு, புத்தி சொல்லித்தான் வெளியே விடுவாள்.

நான் சிரம்பானில் வாத்தியார். ஆசிரியர் சங்க இதழுக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். கணவன் மனைவி சிக்கலைத் தீர்ப்பது பற்றி வெளிநாட்டில் பத்து வருஷமாக வந்த ஆராய்ச்சிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பது விஷயம். நாற்பத்தொரு கட்டுரை படித்தேன். பழையவை மனைவியை மட்டும் கேள்வி கேட்டன. புதியவை இருவரையும் சேர்த்து உட்காரவைத்தன. ‘கணவனை மட்டும் அளந்தவர் எவருமில்லை, இது பெருங்குறை’ என்று கடைசி வரி எழுதினேன்.

எழுதிவிட்டு மனைவியை அளக்க ஆரம்பித்தேன்.

பேசவைக்குமுன், எவ்வளவு பேசுகிறாள் என்று தெரிய வேண்டாமா? அவள் என்னிடம் பேசும் வார்த்தைகளைத் தினமும் எண்ணி ஒரு தாளில் குறித்தேன். பெயர் போடுவது ஆராய்ச்சி முறையல்ல. ‘வ’ என்று மட்டும் போட்டேன். நான் பேசினால் கணக்குக் கெடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வ–19. வ–18. வ–17. ஒரு நாள் பிசகவில்லை. நாற்பத்தொரு கட்டுரையிலும் இத்தனை ஒழுங்கான இறங்குமுகம் கிடையாது. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வ–6 வந்த மறுநாள், தாளைக் கட்டுரையோடு சேர்த்துத் தபாலில் போடக் கிளம்பினேன். கேட்டில் சார்ஜெண்ட் இராஜமாணிக்கம் என் பையைத் துழாவினார்.

“என்ன வாத்தியாரே, பத்தொன்பதுல ஆரம்பிச்சு இப்ப ஆறு. இன்னும் ஆறு நாள்ல என்னா நடக்கப்போவுது?”

“ஒன்னும் நடக்காதுங்க. ஆராய்ச்சி.”

“யாரு இந்த ‘வ’? காட்டுக்குள்ள இருக்கானா?”

“வீட்டுக்குள்ளங்க.”

எனக்குப் பின்னால் லாரி நின்றது. வரிசை நின்றது. பட்டம் வாங்கி எட்டு மாதம், அதற்குள் தடுப்புக்காவலா?

பெண்கள் வரிசையிலிருந்து வள்ளிநாயகி வந்தாள். “சார், அது நாந்தாங்க. அவருகிட்ட நான் பேசுன வார்த்தய எண்ணி எழுதுறாரு.”

பால் வாளியோடு நின்ற மயிலம்மாள் சொன்னாள்: “பாலுக்குத்தான் தெனம் நிறுவை. பேச்சுக்குமா லா?”

வரிசையே சிரித்தது. சார்ஜெண்ட் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “ஆறு நாளுக்குள்ள பேசித் தொலைங்க வாத்தியாரே.”

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். “உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் பேசப் பேச நீங்க விரல மடக்குனத மொத நாளே பாத்தேன். ஆணியில தொங்குன சட்டையில தாளையும் பாத்தேன். சோதன போடுறதுதானே என் வேல.”

“அப்புறம்?”

“தெனம் ஒன்னு கொறச்சேன். எத்தனையில வந்ததும் ஏன்னு கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க கேக்கல.”

வாய் திறந்தேன். விடுதி, தலையணை, எட்டுப் பக்கம், தபால்காரனுக்காக வாசலில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அசையாமல் கேட்டாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தாள். கடிதம் என்று நினைத்தேன்.

அ–2. அ–1. அ–2. அ–0.

“யாரு இந்த ‘அ’?”

“அவரு. கொஞ்சம் இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்.” பென்சிலை நாக்கில் தொட்டு, கடைசியில் எழுதினாள்: அ–147. “ஏறுமுகந்தான்,” என்றாள்.

தபாலில் போடாத கட்டுரையை எடுத்து, ‘கணவனை மட்டும் அளந்தவர் எவருமில்லை’ என்ற கடைசி வரியை அடித்துவிட்டேன்.