ஜன்னலுக்கு வெளியே ஓர் உலகக் குடிமகள்

பேரன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், பெரியம்மாவின் குரல் பழையபடி நாலு தெருவுக்குக் கேட்கும் என்று நம்புகிறேன். நான் நலம்; நீங்கள் வாங்கிக்கொடுத்த வாத்தியார் வேலைதான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. தலைமையாசிரியர் போன் செய்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியும் பக்கத்து நாட்டுப் பள்ளி ஒன்றும் சேர்ந்து, கம்ப்யூட்டர் திரை வழியாக உலகக் குடிமைக் கல்வி நடத்துகின்றன. பிள்ளைகள் எல்லைகளைத் தாண்டி யோசிக்க வேண்டுமாம். யோசித்துத் தொலைத்துவிடுவார்களோ என்று பயந்து, தலைமையாசிரியர் எல்லாப் பதில்களையும் வரிசைப்படி ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யவைத்தார். நேற்று நடுவில் இணைப்பு திக்கி ஒரு கேள்வி காணாமல் போனது. எங்கள் பிள்ளைகள் அசரவில்லை. அடுத்த பதிலுக்குத் தாவிவிட்டார்கள். "உனக்குப் பிடித்த விளையாட்டு எது?" என்று அங்கிருந்து கேட்க, எங்கள் வகுப்புத் தலைவன் நெஞ்சை நிமிர்த்தி, "வறுமை ஒழிப்பு" என்றான். "வீட்டில் யார் சமைப்பார்கள்?" "உலக நாடுகள் ஒன்றுகூடி." தலைமையாசிரியர் கைதட்டினார்.

அப்போதுதான் ஜன்னலில் சத்தம். பள்ளிக்குப் பின்னால் எழும்பும் கட்டிடத்தில் வேலை செய்யும் கொத்தனாரின் மகள். அதே பக்கத்து நாட்டிலிருந்து வந்த குடும்பம். பேப்பர் இல்லை என்று பள்ளியில் சேர்க்கவில்லை. தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பாடத்தைக் கேட்பாள். திரையில் இருந்த ஒருத்தியைப் பார்த்து இவள் தங்கள் பாஷையில் கத்துகிறாள், அவளும் எழுந்து கத்துகிறாள்!

"யோவ், அந்த ஜன்னலைச் சாத்துய்யா!" என்றார் தலைமையாசிரியர். நான் அவளை உள்ளே கூட்டிவந்து கேமரா முன்னால் நிறுத்திவிட்டேன். பேசினார்கள், பெரியப்பா, அப்படிப் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. இவள் முதல் பெஞ்சைக் காட்டினாள், கரும்பலகையைக் காட்டினாள், கடைசியில் என்னையும் காட்டினாள். அந்தப் பக்கத்துப் பெண் வாயைப் பிளந்தாள். அப்படி என்னதான் சொன்னாள்? ராத்திரி முழுக்க இதே குடைச்சல்.

இதையெல்லாம் பார்வையிட வந்திருந்த கல்வி அதிகாரி உருகிவிட்டார். அடுத்த மாதமும் அவள் வேண்டுமாம். அவர் போனதும் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"அடுத்த மாசமும் அதே ஜன்னல்ல நிக்க வைங்க. அப்பதான் இயல்பா இருக்கும்."

"உள்ள உக்கார வச்சா என்ன சார்?"

"அட்மிஷன் இல்லாத பிள்ளைய எப்படிய்யா உக்கார வைக்கிறது?"

"அப்ப உலகத்துக்கே குடிமகளா இருக்கலாம், ஆறாம் வகுப்புல மட்டும் இருக்கக்கூடாது. அப்படித்தானே சார்?"

வாய் முந்திக்கொண்டது. நாளைக் காலை எல்லார் முன்னாலும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் வேலை காலி. உங்கள் முகத்துக்காகக் கேட்டுவிடுகிறேன். இனி ஜன்னல் பக்கம் திரும்பாமல் பாடம் நடத்தவும் தீர்மானித்துவிட்டேன்.

பெரியம்மாவுக்கு வணக்கம், வீட்டில் சின்னவர்களுக்கு முத்தம். உங்கள் ஆசி என்னைவிட என் வேலைக்குத்தான் அவசரமாகத் தேவை.

இன்றிலிருந்து அடங்கி நடக்கும்,
உங்கள் தம்பி மகன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் அந்தக் கொத்தனாரைப் பார்த்தேன். அவருக்கு நம் பேச்சு கொஞ்சம் வரும். கேட்டுவிட்டேன். "'இது என் ஸ்கூலு, அது என் பெஞ்சு, இவருதான் என் சாரு'ன்னு சொன்னாளாம் சார். சின்னப் பிள்ள, பொய் சொல்லிடுச்சு. கோவிச்சுக்காதீங்க" என்றார். ஆகவே மன்னிப்பு, அடக்கம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நாளைக் காலை அவள் முதல் பெஞ்சில் உட்காருவாள். என் மாணவியைப் பொய்க்காரியாக்க எனக்கு மனசில்லை. தலைமையாசிரியர் போன் செய்தால் தயவுசெய்து நீங்கள் எடுக்காதீர்கள். பெரியம்மாவிடம் கொடுங்கள்.